பள்ளத்தில் விழுந்த காரும் தொழிலாளிகளின் கையெழுத்தும்

விபத்தில் நசுங்கிய காரை எப்படியும் சரிசெய்துவிடலாம். டிங்கர் வேலை செய்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிட்டால் விபத்து நடந்ததே தெரியாது. ஆனால் அது பேர்போன பழைய கார் என்றால் ஒரு கேள்வி வரும். பாகங்களை எல்லாம் மாற்றிய பிறகு அது பழைய கார்தானா? பழைய பெயரைச் சுமக்கும் புதுக் காரா?

தாத்தாவின் அரிவாளுக்குப் பிடி மாற்றினால் அது தாத்தாவின் அரிவாள்தான். பிடியோடு அலகையும் மாற்றிவிட்டால்?

அமெரிக்காவில் ஒரே விபத்தில் சிக்கிய கார்களை வைத்து இந்தக் கேள்விக்கு 2 விதமாகப் பதில் சொல்லிவிட்டார்கள்.

தரை விழுங்கிய 8 கார்கள்

கென்டக்கி மாநிலத்தில் பவுலிங் கிரீன் என்ற ஊரில், 'கார்வெட்' கார்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அது சுண்ணாம்புப் பாறை பூமி. தண்ணீர் பாறையைக் கரைத்துக் கரைத்து, அடியில் குகைகளை உண்டாக்கிவிடும்.

2014-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி அதிகாலையில், அருங்காட்சியகத்தின் தரை திடீரென்று உள்வாங்கியது. சுமார் 30 அடி ஆழத்தில் 8 கார்கள் விழுந்தன. நல்லவேளையாக யாருக்கும் காயம் இல்லை.

கிரேன் வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கினார்கள். முதலில் வந்த 2009-ம் ஆண்டு நீல நிறக் கார், மேலே வந்ததும் ஸ்டார்ட் ஆகி ஓடியது! கடைசியில் வந்த கார்களோ அப்பளமாக நொறுங்கியிருந்தன.

எட்டையும் சரிசெய்வது என்றுதான் முதலில் பேச்சு. பிறகு 3 கார்களுக்கு மட்டும் வைத்தியம் என்று முடிவாயிற்று. மற்ற ஐந்திலும் சரிசெய்வதற்கு மிச்சம் அதிகம் இல்லை. விபத்தும் சரித்திரம்தானே, ஜனங்கள் பார்க்கட்டும் என்று நொறுங்கிய கோலத்திலேயே அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள்.

10 லட்சமாவது கார்

சரிசெய்த மூன்றில் ஒன்று, 1992-ல் வெளிவந்த வெள்ளை நிறக் கார். கார்வெட் வரிசையில் அது 10 லட்சமாவது! அதை உருவாக்கிய தொழிலாளிகள், வெளியே தெரியாதபடி உள்பாகங்களில் தங்கள் பெயரைக் கையெழுத்திட்டிருந்தார்கள்.

அங்கேதான் சிக்கல். நொறுங்கிய பாகத்தைக் கழற்றி எறிந்தால் கையெழுத்தும் போய்விடும். கார்வெட்டின் மேல்கூடு பைபர் கிளாஸ் வகை. தகரம்போல் தட்டி நிமிர்த்த முடியாது.

ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கைவினைஞர்கள் சுமார் 30 பேர், ஏறத்தாழ 1,200 மணி நேரம் உழைத்தார்கள். கையெழுத்து உள்ள பாகங்களைக் கூடியவரை காப்பாற்றினார்கள். 2 பாகங்களை மட்டும் மீட்க முடியவில்லை. அவற்றில் இருந்த கையெழுத்துகளை நகல் எடுத்து, புதுப் பாகங்களில் பதித்தார்கள். 2015 செப்டம்பரில் கார் பளபளவென்று வெளியே வந்தது.

கோர்ட்டு சொன்ன தீர்ப்பு

இதே கேள்வி 1990-ல் லண்டன் கோர்ட்டுக்கும் போனது. 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பென்ட்லி கார், பிரான்சில் நடக்கும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1929, 1930 ஆகிய 2 ஆண்டும் ஜெயித்தது. 1932-ல் ஒரு பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி, ஓட்டியவர் இறந்தார். அதன்பின் கார் திரும்பக் கட்டப்பட்டது.

அந்தக் காரை 1 கோடி பவுனுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், "இது அசல் கார் இல்லை" என்று பின்வாங்கியது. 1929-ல் இருந்த பாகங்களில் அனேகமாக எதுவும் மிஞ்சவில்லை என்பது உண்மை. ஆனால் நீதிபதி, கார் எந்தக் காலத்திலும் இல்லாமல் போய்விடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக மாறி வந்திருக்கிறது, ஆகவே பெயர் அதற்கே உரியது என்று தீர்ப்பளித்தார். பாகம் அசல் இல்லை. கார் போலி இல்லை!

நம் நாட்டில்

நம் நாட்டு விதி கண்டிப்பானது. 2021-ல் வந்த விதிப்படி, முதல் பதிவு நடந்து 50 ஆண்டுக்கு மேலான கார், மோட்டார் சைக்கிள்களைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்து வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20 ஆயிரம். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக்கூடாது.

ஆகவே பழைய காரைத் தொடுமுன் யோசிக்கவேண்டும். மாதுங்கா ஒர்க்ஷாப்பில் ஓவர்ஹால் முடிந்து வரும் ரெயில் பெட்டியைப் பாருங்கள். உள்ளே எத்தனையோ மாறியிருக்கும். நம்பர் மாறாது. ஓவர்ஹால் நடந்த தேதியைப் பெட்டியிலேயே எழுதியிருப்பார்கள். ஒளிவுமறைவு இல்லை.

பழைய காருக்கும் அதுவே நியாயம். எதை மாற்றினோம், எதை வைத்துக்கொண்டோம் என்று எழுதி வைக்கவேண்டும். மாற்றியதை மறைத்தால்தான் மோசடி. முதலில் செய்தவன் கைபட்ட பாகம் ஒன்று மிஞ்சியிருந்தாலும் அதை எறிந்துவிடக்கூடாது. புதுப் பெயிண்ட் எந்தக் கடையிலும் கிடைக்கும். அந்தத் தொழிலாளியின் கையெழுத்து கிடைக்காது.