மூன்று வீசமா, நாலு மாவா: எது பெரிது?

கொங்குப் பக்கம் பங்குக் கிணற்றில் பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஒருவருக்கு மூன்று வீசம் (3/16), இன்னொருவருக்கு நாலு மா (1/5) பங்கு என்று வைத்துக்கொள்வோம். யாருக்கு அதிகம்? துண்டுகளின் அளவே வேறு. அப்படியே ஒப்பிட முடியாது. இரண்டையும் ஒரே அளவுத் துண்டுகளாக்க வேண்டும். 16, 5 இரண்டாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண் 80. அந்த 1/80-க்குத்தான் நம்மவர்கள் 'காணி' என்று பெயர் வைத்தார்கள். கெட்டிக்காரர்கள்! மூன்று வீசம் 15 காணி, நாலு மா 16 காணி. 24 மணி நேர முறையில் ஒரு காணி 18 நிமிடம். மோட்டார் ஓடும்போது அது சண்டைக்குப் போதும். அண்ணன் தம்பி மூவர் என்றால்தான் சிக்கல்: 80 மூன்றால் வகுபடாது.