குளிர் ரத்தக் குடித்தனம் – 9: போவா குட்டி வீட்டுக்கு வந்த முதல் மாதம்

சிகாகோவுக்குப் பக்கத்தில் டின்லி பார்க், ஜெர்மனியில் ஹம். ஊர்வனச் சந்தைக்குப் பேர்போன ஊர்கள் இவை. மேசைமேல் வரிசையாக, ஓட்டலில் சாம்பார் கட்டித் தருகிற மாதிரி பிளாஸ்டிக் டப்பாக்கள் அடுக்கியிருக்கும். மூடியில் காற்றுத் துளைகள். உள்ளே ஆளுக்கொரு டப்பாவாகச் சுருண்டு கிடக்கும் பாம்புக்குட்டிகள். போவா என்றால் குட்டியே அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு; எடை ஏறத்தாழ 50 கிராம். போவா முட்டையிட்டு அடைகாக்கும் இனமல்ல, குட்டி போடும் இனம். ஓர் ஈற்றில் 20, 30 குட்டிகள் சாதாரணம். பிறந்த அன்றே தாயோடு உறவு முடிந்தது. பாலூட்டுவதில்லை, காவலும் இல்லை. தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொள்ளப் பிறந்த ஒரு பிராணியைத்தான் 'வளர்க்கிறேன்' என்று நாம் வாங்கிப் போகிறோம்.

முதன்முதலாகப் பாம்பு வளர்ப்பவருக்கு போவா சரிப்படுமா? இந்தக் கேள்வியைப் பாம்புக்காரர்கள் நடுவில் போட்டால் சண்டை வந்துவிடும். கார்ன் ஸ்னேக்கோடு நிறுத்திக்கொள் என்பார் ஒருவர். பால் பைத்தான் போதுமே என்பார் இன்னொருவர். என் கட்சி, போவா சரிப்படும் என்பதுதான். ஒரே நிபந்தனை: வாங்குகிறவருக்குச் சும்மா இருக்கத் தெரிந்திருக்க வேண்டும். குட்டி போவா பட்டினியால் சாவது அபூர்வம். ஆசையாகத் தூக்கி, ஆசையாக ஊட்டிக் கெடுப்பதுதான் அதிகம்.

சந்தையில் 'கொலம்பியச் சிவப்பு வால்' என்று விற்பது பெரும்பாலும் போவா இம்பெரேட்டர் என்ற இனம். மத்திய அமெரிக்காவிலும் கொலம்பியாவிலும் வாழ்வது. அசல் சிவப்பு வால் அமேசான் பக்கத்தது. சுரினாம், கயானா குட்டிகளுக்கு மவுசு அதிகம், விலையும் அதிகம். ஆனால் அவற்றின் வயிறு முரண்டு பிடிக்கும். முதல் பாம்புக்கு அது வேண்டாம். கூண்டில் பிறந்த இம்பெரேட்டர் குட்டியாகப் பாருங்கள். விற்பவரிடம் கேட்க வேண்டியது விலையை அல்ல, சாப்பாட்டுக் கணக்கை. எத்தனை முறை தின்றது, என்ன தின்றது, உயிருள்ள இரையா, உறையவைத்ததா என்று குறித்து வைத்திருப்பவர் நல்ல வியாபாரி. பிறகு கண்ணோரத்தையும் தாடைக்கு அடியில் உள்ள மடிப்பையும் பாருங்கள். மிளகுப்பொடி தூவியது போல ஏதாவது நகர்ந்தால் அது பாம்பு உண்ணி. எவ்வளவு அழகான குட்டியானாலும் அங்கேயே விட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

குட்டி வருமுன் வீடு தயாராக வேண்டும். பெட்டி மிகப் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. குட்டி நீட்டிப் படுக்கவும் ஒளியவும் இடம் இருந்தால் போதும். பெட்டியின் ஒரு முனையில் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்க வேண்டும். மறுமுனை 26 டிகிரி அளவில். இரண்டு முனையிலும் ஒவ்வோர் ஒளிவிடம். ஒன்றுதான் வைத்தேன் என்றால், குட்டி பாதுகாப்பையும் வெப்பத்தையும் ஒன்றுக்கொன்று விலைபேச வேண்டி வரும்; பெரும்பாலும் பாதுகாப்புதான் ஜெயிக்கும், செரிமானம் தோற்கும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் இருக்கட்டும். சூட்டுக்கு எதைப் பயன்படுத்தினாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் கூடாது. கடைகளில் 'சூட்டுக்கல்' என்று மின்சாரக் கல் ஒன்று விற்கிறார்கள். அதன் மேல் படுத்து வயிறு வெந்துபோன பாம்புகளைக் கால்நடை மருத்துவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். தரைக்கு முதலில் செய்தித்தாளே போதும். அழகில்லைதான், ஆனால் எச்சம், கக்கல், உண்ணி எல்லாம் உடனே கண்ணில் படும். பைன், தேவதாரு மரச்சீவல் கூடாது. அவற்றின் வாசனை எண்ணெய் பாம்பின் சுவாசத்துக்கு ஆகாது.

மூடியில் பூட்டு. இதை விளக்க வேண்டியதில்லை.

குட்டியைப் பெட்டிக்குள் விட்டாயிற்று. இனி ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை தொடாதீர்கள். தண்ணீர் மாற்றக் கை போகலாம், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தவர்களுக்கு எடுத்துக் காட்டக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது, இரையும் வைக்கக் கூடாது. காட்டில் அரை மீட்டர் நீளமுள்ள ஒரு பாம்பைப் பருந்து முதல் ஊன் தின்னும் பாலூட்டிகள் வரை எல்லாம் தின்னும். மேலிருந்து இறங்கி வரும் எதுவும் அதற்குச் சாவுதான். உங்கள் கை உட்பட. அதனால் குட்டி சீறும், பாய்ந்து கொத்தும். விஷமில்லை, முள் கீறியது போலச் சில புள்ளிகள், துளி ரத்தம். இதைக் குணக்கேடு என்று எழுதிவைத்து விற்றுவிடுகிறவர்கள் உண்டு. ஆறு மாதத்தில் அதே குட்டி கைமேல் சாவதானமாக ஊர்ந்துகொண்டிருக்கும்.

இரை விஷயத்துக்கு வருவோம். குட்டி போவாவுக்கு, ரோமம் முளைத்துத் துள்ளத் தொடங்கிய சுண்டெலிக் குஞ்சு ஒன்று, 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை. எலியின் பருமன் பாம்பின் நடு உடம்பின் பருமனைத் தாண்டக் கூடாது. நம் ஊர்த் தாய்மார்கள் இந்தக் கணக்கைக் கேட்டால் மனம் பொறுக்கமாட்டார்கள். அமெரிக்காவிலும் அப்படித்தான், வாரத்துக்கு இரண்டு எலி கொடுத்து, ஓராண்டில் ஐந்தடி வளர்த்துவிட்டேன் என்று பெருமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். போவாவின் வளர்சிதை மாற்றம் மிக மெதுவானது. அதிகமாகக் கொடுத்தால் கொழுப்பு சேரும், ஆயுசு குறையும்.

இரையை உறைபெட்டியில் வாங்குவதே மேல். உயிருள்ள எலி திருப்பிக் கடிக்கும். கண்ணை இழந்த பாம்புகள் உண்டு. உறைந்த எலியை முந்தின இரவு குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக்கி, பிறகு சுடுதண்ணீரில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மைக்ரோவேவில் வைத்தால் ஓரிடம் பச்சையாகவும் ஓரிடம் வெந்தும் போயிருக்கும்; வெடித்தும் போகலாம். போவாவுக்குப் பைத்தானைப் போல உதட்டில் குழிகள் இல்லை. ஆனாலும் உதட்டுச் செதில்களால் வெப்பத்தை உணரும். அதனால் எலியின் தலை சூடாக இருக்க வேண்டும். நீளமான இடுக்கியில் பிடித்து லேசாக ஆட்டினால் போதும்.

குட்டி பாய்ந்து கவ்விச் சுருட்டிக்கொள்ளும். அப்போது என்ன நடக்கிறது என்பதைப் பென்சில்வேனியாவில் உள்ள டிக்கின்சன் கல்லூரியின் ஸ்காட் போபாக்கும் அவர் குழுவும் அழகாக ஆராய்ந்தார்கள். செத்த எலிக்குள் துடிக்கும் செயற்கை இதயம் ஒன்றைப் பொருத்திப் போவாக்களுக்குக் கொடுத்தார்கள். இதயம் துடித்தவரை பாம்பு இறுக்கிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தியதும் பிடி தளர்ந்தது. உயிருள்ள இரையைக் கண்டே இராத, கூண்டில் வளர்ந்த பாம்புகளும் துடிப்பை உணர்ந்தன. இது 2012இல் வெளியானது. 2015இல் அதே குழு இன்னொரு நம்பிக்கையையும் உடைத்தது. போவா மூச்சைத் திணறடித்துக் கொல்வதில்லை. இறுக்கிய சில விநாடிகளிலேயே ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடுகிறது. இதில் வீட்டுக்காரருக்கும் ஒரு சேதி உண்டு. உறையவைத்த எலிக்குத் துடிப்பில்லை. அதனால் சில குட்டிகள் சீக்கிரமே பிடியை விட்டு, எலியை மறந்து போய்விடும். சுருட்டியிருக்கும்போது இடுக்கியால் எலியை மெல்ல அழுத்திக் கொடுத்தால் வேட்டை தொடரும். பிறகு விளக்கை அணைத்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிடுங்கள்.

தின்றபின் குறைந்தது 48 மணி நேரம் தொடக் கூடாது. சூடு போதாமல், அல்லது எலி பெரிதாகி, அல்லது யாரோ தூக்கி விளையாடியதால் குட்டி இரையைக் கக்கினால் அது சின்ன விஷயமில்லை. வயிற்றின் அமிலமும் செரிமானத்துக்கு உதவும் நுண்ணுயிர்களும் கூடவே போய்விடுகின்றன. பயந்துபோய் மறுநாளே இன்னோர் எலி வைப்பவர்கள் இரண்டாவது கக்கலையும் பார்ப்பார்கள். இந்த வயதில் அது உயிருக்கு ஆபத்து. வெப்பத்தைச் சரிபார்த்து, இரண்டு வாரம் தண்ணீர் மட்டும். பிறகு வழக்கத்தில் பாதி அளவு இரை.

கண் பால்நீலமாக மங்கினால் நோயில்லை, சட்டை உரிக்கப் போகிறது. அந்த நாட்களில் பார்வை மங்கல், கோபம் அதிகம். ஈரம் சரியாக இருந்தால் மூக்கு முதல் வால்வரை ஒரே துண்டாகக் கழற்றிப் போட்டுவிடும்.

பெரிய பயம் வேறொன்று. போவாக்களைத் தாக்கும் 'உட்பொருள் நோய்' பல ஆண்டுகள் காரணம் தெரியாமலே இருந்தது. கலிபோர்னியாவில் ஒரு பெண், தன் போவாவுக்கு என்ன ஆகுமோ என்று பயந்து, அதன் படத்தோடு சான்பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக விஞ்ஞானி ஜோசப் டெரிசிக்கு எழுதினார். அவர் ஆய்வகம் வேலையைத் தொடங்கியது. அந்நகரின் ஸ்டைன்ஹார்ட் காட்சியகத்திலும் பாம்புகளுக்கு இந்நோய் வந்திருந்தது. 2012இல், அதுவரை பாலூட்டிகளில் மட்டுமே அறியப்பட்டிருந்த அரினா வைரஸ் குடும்பத்தின் உறவினர் ஒன்று பாம்புக்குள் அகப்பட்டது. மருந்து இன்னும் இல்லை. போவா ஆண்டுக்கணக்கில் அறிகுறியே காட்டாமல் இதைச் சுமக்கும். முதல் பாம்புதானே, யாருக்குத் தொற்றப் போகிறது என்று கேட்கலாம். பாம்பு வளர்ப்பவர் ஒன்றோடு நிறுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ரத்தப் பரிசோதனையை முதலிலேயே செய்துவிடுவதும், அடுத்தது வந்தால் மூன்று மாதம் வேறு அறையில் வைப்பதும் நல்லது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பாம்பிடம் சால்மொனெல்லா கிருமி உண்டு. ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை இருக்கும் வீட்டுக்குப் பாம்பே வேண்டாம்.

பெண் போவா இரண்டு மீட்டரைத் தாண்டும். அப்போது அதற்கு 6 அடி நீளம், 2 அடி அகலமுள்ள கூண்டாவது வேண்டும். 20, 30 ஆண்டு வாழும். பிலடெல்பியா விலங்குக்காட்சி சாலையில் போப்பாய் என்ற போவா 40 வயதைக் கடந்து 1977இல் இறந்தது. கல்லூரிப் பையன் வாங்கும் குட்டி, அவன் பிள்ளைகளின் கல்லூரிக் காலத்திலும் கூண்டில் இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். போவா அயல்நாட்டு இனம் என்றாலும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளது. 2022 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பதிவு கட்டாயம். விமானப் பயணியின் பெட்டியில் சாக்குப்பைக்குள் வந்த குட்டி என்றால் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். அமெரிக்க அரசு 2012இலும் 2015இலும் பர்மியப் பைத்தான், அனகோண்டா என்று எட்டுப் பெரும்பாம்பு இனங்களின் இறக்குமதிக்குத் தடை போட்டபோது போவா கடைசி நேரத்தில் தப்பியது. ஆனால் அரூபா தீவில் விடுபட்ட போவாக்கள் காட்டில் பெருகிப் பறவைகளைத் தின்றுகொண்டிருக்கின்றன. வளர்க்க முடியாவிட்டால் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் அரூபாவை நினைத்துக்கொள்ளட்டும்.

கூண்டில் ஆண் போவாக்கள் கூடவே இருந்தும், அவற்றின் பங்கு ஏதுமில்லாமல் ஒரு பெண் போவா 22 பெண் குட்டிகளைப் போட்டது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வாரன் பூத் 2010இல் மரபணுச் சோதனையில் அதை உறுதி செய்தார். அந்தக் குடும்பக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)