உங்களுக்குத் தெரியுமா? ஆகாரமே முதல் ஔஷதம்

ஏழாம் நூற்றாண்டில், தாங் வம்ச காலத்துச் சீனத்தில் வாழ்ந்த சுன் சிமியாவ் என்னும் வைத்தியர், வியாதியின் காரணத்தை அறிந்தபின் முதலில் ஆகாரத்தாலேயே அதைத் தணிக்க முயல வேண்டும் என்றும், ஆகாரத்தால் தீராதபோதே ஔஷதத்தை நாட வேண்டும் என்றும் விதித்தார். பதார்த்தங்களை உஷ்ணம், சீதளம் என்று குணம் பிரித்து, சுவை ஐந்தெனக் கொண்ட அம்மரபு, துவர்ப்பையும் கூட்டி ஆறென வகுத்த நம் சித்த வைத்தியத்துக்கு எத்துணை நெருங்கிய பந்து! ஆகாரமே ஔஷதமாவதை நம் ஊரிலும் காணலாம்: விளாத்திகுளத்துக் கரிசல் காட்டில் கோடை வெயிலில் பாடுபட்டுத் திரும்பும் சம்சாரி, உப்பும் மோரும் விட்டுக் கரைத்த கம்பங்கூழை ஈருள்ளியைக் கடித்துக்கொண்டு அருந்துகையில், வியர்வையில் இழந்த நீரும் உப்பும் மீள்வதோடு தேகமும் குளிர்கிறது. அதே மண்ணில் மானாவாரியாய் விளையும் குதிரைவாலியோ நார்ச்சத்து மிகுந்தது. வாரத்தில் சில நாளேனும் அதை உலையிலிடுங்கள்.