வாதமூட்டழற்சி நிர்ணயம்: கைவிரல்களும் குருதிச் சோதனையும்

மூட்டுநோவுடன் மருத்துவரை நாடுவோரிற் பலர், குருதிச் சோதனை அறிக்கையொன்றைக் கையிற்கொண்டே வருகின்றனர். அதில் ‘றூமற்றொயிட் காரணி உண்டு’ என்றிருப்பின் நோய் உறுதியென்றும், ‘இல்லை’ என்றிருப்பின் நோயே இல்லையென்றும் கொள்ளப்படுகின்றது. இவ்விரு முடிபுகளும் பிழையாகலாம்.

வாதமூட்டழற்சி என்பது, மூட்டின் உட்புறத்தைப் போர்த்துள்ள மென்சவ்வை உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே தாக்குவதால் விளைவது. ஆண்களிலும் பெண்களையே இது இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பீடிக்கின்றது. அழற்சியுற்றுத் தடித்த சவ்வு கசியிழையத்தையும் என்பையும் அரிக்கின்றது. இவ்வரிப்பு பலரில் முதலிரு ஆண்டுகளுள்ளேயே தொடங்கிவிடும். அரிக்கப்பட்டது பழைய நிலைக்கு மீள்வதரிது. ஆதலின் காலந்தாழ்த்தாத நிர்ணயமே கையின் தொழிற்பாட்டைக் காக்கும்.

நோயாளியின் கையே முதற் சான்று. மணிக்கட்டும், விரல்களின் அடிமூட்டுக்களும் நடுமூட்டுக்களும் இருபுறமும் ஒத்த முறையில் வீங்கும். நுனிமூட்டுக்கள் பெரும்பாலும் தப்பிவிடும். நுனிமூட்டுக்களில் மட்டும் கடினமான புடைப்புக்கள் காணப்படின், முதுமையில் வரும் தேய்வையே முதலில் நினைத்தல் வேண்டும். வீக்கத்தைத் தொட்டால் என்பின் கடினமன்று, மென்மையான தடிப்பே விரலுக்குப் புலப்படும். அடிமூட்டுக்களைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்தினால் நோயாளி கையை இழுத்துக்கொள்வார். காலை விறைப்பும் முக்கியமானது. தேங்காய் துருவவோ சட்டைப் பொத்தானைப் பூட்டவோ முடியாத நிலை, எழுந்தபின் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் நீடிக்கும். தேய்வினால் வரும் விறைப்போ பெரும்பாலும் அரை மணித்தியாலத்துள் தணிந்துவிடும். இவற்றைக் கேட்டறிய எக்கருவியும் வேண்டியதில்லை, பொறுமையே வேண்டும்.

றூமற்றொயிட் காரணி, பிறபொருளெதிரிக்கு எதிராகவே உண்டாகும் பிறபொருளெதிரியாகும். நோர்வே நாட்டவரான வாலர் 1940இலும், அமெரிக்கரான றோஸ் 1948இலும், நோயாளரின் குருதிநீர் பிறபொருளெதிரி பூசப்பட்ட செம்மறியாட்டுச் செங்குழியங்களைத் திரளச் செய்வதை விவரித்தனர். எனினும் நோயாளரில் ஏறத்தாழ 70 முதல் 80 வீதமானோரிலேயே இக்காரணி காணப்படும். மறுபுறம், காசநோய், தொழுநோய், ஈரல் அழற்சி ‘சி’ ஆகியவற்றிலும், நலமுள்ள முதியோர் சிலரிலும் இது தோன்றும். பின்னர் வந்த சிற்றுலினேற்றிய புரதங்களுக்கெதிரான பிறபொருளெதிரிச் சோதனை இதனினும் நுட்பமாக இந்நோயைச் சுட்டுவது. ஆயினும் அதுவும் எல்லா நோயாளரிலும் காணப்படுவதில்லை. செங்குழியப் படிவு வீதம் அழற்சியுண்டென்று மட்டுமே கூறும். தொடக்கத்தில் எக்ஸ் கதிர்ப்படம் வழுவின்றி இருக்கலாம்.

அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய்ச் சங்கங்கள் 2010இல் வெளியிட்ட வகைப்படுத்தல் விதிகள் இவ்வுண்மையை எண்களிலே காட்டுகின்றன. வேறு காரணம் கூறவியலாத வீக்கம் ஒரு மூட்டிலேனும் இருந்தாலன்றிப் புள்ளியிடலே தொடங்காது. பத்தில் ஆறு புள்ளிகள் தேவை. பிறபொருளெதிரிகள் எவ்வளவு மிகுந்திருப்பினும் கிடைப்பவை மூன்றே. ஆனால் சிறுமூட்டு உட்படப் பத்துக்கு மேற்பட்ட மூட்டுக்கள் பாதிக்கப்பட்டால் ஐந்து. ஆறு வாரம் நீடித்தால் மேலும் ஒன்று. குருதியிற் காரணி இல்லாதவரும் இவ்வாறு ஆறு புள்ளிகளை எட்டலாம்.

ஆறு வாரம் என்னும் எல்லைக்கும் பொருளுண்டு. வைரசுகளால் வரும் மூட்டழற்சி பெரும்பாலும் அதற்குள் தணியும். ஆயினும் 2006இல் இலங்கையிற் பரவிய சிக்குன்குனியா போன்ற நோயின்பின் மூட்டுவீக்கம் பல மாதங்கள் நீடிக்கலாமாதலின், அண்மையிற் காய்ச்சல் இருந்ததா என வினவாது முடிவு கூறலாகாது.

வீக்கமேதுமின்றி அறிக்கையிற் காரணி மட்டும் காணப்பட்டவருக்கு மருந்து தொடங்குவது தகாது. கிழமைக்கு ஒருமுறை உட்கொள்ளும் மெதோத்திரெக்சேற்று ஈரலையும் குருதிக் குழியங்களையும் பாதிக்கவல்லது. காரணியின்றியும் ஆறு வாரமாக விரல் வீங்கியிருப்பவரையோ தாமதமின்றி வாதநோய் நிபுணரிடம் அனுப்புதல் வேண்டும்.