கைகட்டி உட்கார்ந்தால்தான் பக்தியா?

கருத்தரங்கில் எனக்குக் கிடைத்த நேரம் போதவில்லை. அங்கே சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

கோலகுபு பாருவைத் தாண்டி, தஞ்சோங் மாலிம் போகும் பழைய சாலையில் கெர்லிங் வரும். அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் வளர்ந்த கிறிஸ்தவ இளைஞர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் உறுமி மேளக் குழுவோடு திருவிழாக்களுக்குப் போகிறவர். கையில் குச்சி இருந்தால் கால் தரையில் நிற்காது. அதே தம்பி ஞாயிற்றுக்கிழமை பூசையில் கைகட்டிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

"ஏன் தம்பி, அங்கே வாசிக்கிறதை இங்கே வாசிக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"ஃபாதர் ஒண்ணும் சொல்ல மாட்டாருக்கா. எங்க பாட்டிதான் திட்டும்" என்றார்.

சிரிப்பாக இருந்தாலும் இந்தப் பதிலுக்குள் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. இறைவன் முன் மனத்தை மட்டும் கொண்டுபோனால் போதுமா, அல்லது உடம்பும் போக வேண்டுமா?

விவிலியத்தைப் பார்த்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. தலையாய கட்டளை எது என்று கேட்டவருக்கு இயேசு சொன்ன பதிலில் இதயம், ஆன்மா, அறிவு ஆகியவற்றோடு பலமும் சேர்ந்தே வருகிறது. பலம் என்றால் கை, கால், மூச்சு எல்லாமும்தானே? ரோமாபுரியாருக்கு எழுதிய பவுலும் உடலையே காணிக்கையாகக் கேட்கிறார். 150-ஆம் சங்கீதத்தில் எக்காளம், தம்புரு, கைத்தாளம், நடனம் எதற்கும் தடை இல்லை.

நாம் பக்தியின் அடையாளமாக நினைக்கும் வரிசை பெஞ்சுகூட ஆதிகாலத்துச் சொத்து அல்ல. பல நூற்றாண்டுகள் மக்கள் நின்றுதான் வழிபட்டார்கள். கி.பி. 325-இல் கூடிய நிசேயா சங்கம் ஞாயிற்றுக்கிழமை முழந்தாளிட வேண்டாம், நின்றே ஜெபியுங்கள் என்று விதித்தது. அது உயிர்த்தெழுந்த நாள் அல்லவா? நிற்பதே அந்த நம்பிக்கையை உடம்பால் சொல்வதாகும்.

தமிழருக்கு இது புதிதும் அல்ல. வேளாங்கண்ணியில் பேராலயத்திலிருந்து பழைய மாதா குளம் வரை மணலில் முழங்காலால் நடக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். புக்கிட் மெர்தாஜாமில் ஜூலை மாதத்து அன்னம்மாள் திருவிழாவுக்குப் போகிறவர்கள் மெழுகுவர்த்தி ஏந்தி நடக்கிறார்கள். சுரூபத்தைத் தொட்டு விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள நம் அம்மாமார்களுக்கு எந்த மறைக்கல்வி வகுப்பும் கற்றுத் தரவில்லை.

மக்கள் செய்துகொண்டிருந்ததைத் திருச்சபை தாமதமாக ஏற்றுக்கொண்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட வழிபாட்டு ஏடு, மக்கள் பார்வையாளராக இருக்கக் கூடாது, முழுமையாகப் பங்கெடுக்க வேண்டும் என்றது. 1969-இல் இந்தியக் கத்தோலிக்கருக்கு ரோமாபுரி பன்னிரண்டு மாற்றங்களை அனுமதித்தது. தரையில் சம்மணமிடலாம், காலணியைக் கழற்றலாம், ஒரு முழங்கால் மடக்குவதற்குப் பதில் கைகூப்பித் தாழ வணங்கலாம், மெழுகுவர்த்திக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றலாம். திருச்சியில் 1977-இல் தொடங்கிய கலைக் காவிரி பரதத்தையும் கிறிஸ்தவக் கலைமேடைக்குக் கொண்டுவந்தது.

பாட்டில் வழி திறந்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). ஜெர்மானிய மெட்டுக்குள் தமிழ்ச் சொற்களை இடித்து அடைத்துப் பாடிக்கொண்டிருந்த சபைகளுக்கு ராகமும் தாளமும் கொண்ட கீர்த்தனைகளைத் தந்தார். குறவஞ்சியில் பெத்லகேமைக் கொண்டுவந்தவர் அவர்தான். ஆனால் அதே சாஸ்திரியார், மிஷனரிகள் கோயிலுக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்க முயன்றபோது அதை எதிர்த்து எழுதினார். இதைச் சொல்லாமல் அவரைப் புகழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஏனென்றால் முழு மனிதனாக வழிபடுவது என்பதில் இதுதான் சிக்கலான இடம். உடம்போடு வா என்றால், எந்த உடம்பு, எங்கே உட்காருவது என்ற கேள்வி உடனே வந்துவிடுகிறது. நெல்லைச் சீமை வடக்கன்குளத்தில் 1872-இல் எழுப்பிய கோயிலுக்குக் கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு கூடங்கள். ஒரு சாதி ஒன்றில், இன்னொரு சாதி மற்றதில். பீடம் மட்டும் ஒன்று! நடுவே இருந்த தடுப்பு 1910-இல்தான் இடிக்கப்பட்டது.

வாத்தியத்துக்கும் இதே கதைதான். வீணை, மிருதங்கம் கோயிலுக்குள் வந்தபோது இல்லாத முகச்சுளிப்பு பறைக்கு மட்டும் ஏன் வந்தது? அது சாவு வீட்டில் அடிப்பது, அடிப்பவர் இன்னார் என்ற எண்ணம்தான். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு இதை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டார். 'பரட்டை' என்று பெயர் வைத்துக்கொண்டு, பேச்சுத் தமிழில், நாட்டுப்புற மெட்டில் பாட்டுக் கட்டினார். முழு வழிபாட்டு முறையையே கிராமிய இசையில் அமைத்து 1994-இல் கொடுத்தார். பறையையும் வழிபாட்டுக்குள் சேர்த்தார். படிக்கத் தெரியாதவரும் ஒருமுறை கேட்டுத் திரும்பப் பாடலாம், விலை உயர்ந்த வாத்தியம் தேவையில்லை என்பது அவருடைய கணக்கு. ஒரே உலையில் சமைத்துச் சேர்ந்து உண்பதும் அவருக்கு வழிபாட்டோடு ஒட்டியதுதான். 2005-இல் அவர் மறைந்தார்.

ஆக, கெர்லிங் தம்பியின் பாட்டி திட்டுவதில் உறுமி 'அந்தக் கோயில்' மேளம் என்ற தயக்கம் மட்டும் இல்லை. அந்த மேளத்தைக் காட்டி யாரோ தன்னைக் குறைவாகப் பார்த்த பழைய காயமும் இருக்கக்கூடும். இதில் பாட்டியைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. பாட்டின் பொருளைவிட அதன் இனிமையே தன்னை அதிகம் அசைத்துவிடுகிறதே என்று புனித அகுஸ்தினார் தம் வாழ்க்கை வரலாற்றில் கவலைப்படுகிறார். ஒலிபெருக்கியை முழுசாகத் திறந்துவிட்டு, கைதட்டாதவரை நம்பிக்கை குறைந்தவராகப் பார்க்கும் கூட்டங்களை நானும் பார்த்திருக்கிறேன். கட்டாயப்படுத்தி ஆட வைப்பதும் கட்டாயப்படுத்திக் கைகட்ட வைப்பதும் ஒன்றுதான். பக்கவாதத்தில் விழுந்த ஒரு பெரியவர், அசையும் ஒரே விரலால் ஜெபமாலை உருட்டியதையும் கண்டிருக்கிறேன். அவர் தன்னில் எதையும் மிச்சம் வைத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றவில்லை.

தம்பியிடம் இவ்வளவையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்கு மெதுவா, ஒத்த அடியா வாசிச்சா எப்படி இருக்கும்க்கா?" என்றார். நன்றாகத்தான் இருக்கும் என்றேன். முதலில் பாட்டியிடம் வீட்டில் வாசித்துக் காட்டப் போகிறாராம்.