கைவேலையில் ஒரு கடல்நீர்த் தொட்டி

கடல்மீன் தொட்டிக்கும் நன்னீர் மீன் தொட்டிக்கும் உள்ள வேறுபாடு உப்பு மட்டும் அன்று. குளத்து மீனும் ஆற்று மீனும் மழைக்கு ஒருவிதமாகவும் கோடைக்கு ஒருவிதமாகவும் மாறும் நீரில் பழகியவை. பவளத்திட்டுகளில் வாழும் மீன்களுக்கு ஆண்டு முழுவதும் உப்பும் பி.எச். அளவும் ஏறக்குறைய ஒன்றுதான். வெப்பமும் மெல்லத்தான் மாறும். அந்த நிலைத்தன்மை குலைந்தால் அவை தாங்குவதில்லை. போதாததற்கு, உப்புநீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரைகிறது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், கடல்நீரில் 6.2 மில்லிகிராம் அளவுதான். ஆகவே கழிவை அகற்றுவது, காற்றைக் கலப்பது, உப்பையும் வெப்பத்தையும் ஒரே நிலையில் நிறுத்துவது ஆகிய வேலைகள் இங்கே ஓயாமல் நடந்தாக வேண்டும். கடையில் விற்கும் விலையுயர்ந்த கருவிகளில் பலவும் இவற்றுள் ஒன்றைச் செய்பவையே. பிரித்துப் பார்த்தால் அவற்றின் உள்ளே குழாய், காற்று, புவியீர்ப்பு இவற்றைத் தாண்டிப் பெரிதாக எதுவும் இருக்காது. வீட்டிலேயே செய்துகொள்ள வழி பிறப்பது அதனால்தான்.

இந்தப் பொழுதுபோக்கு தொடங்கியதே கைவேலையில்தான். 1846-ல் ஆனா தின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி டார்க்கீ கடற்கரையிலிருந்து பவள உயிரிகளை லண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தார். அவர் வீட்டுப் பணிப்பெண் திறந்த சன்னல் முன் நின்று, டீக்கடையில் டீ ஆற்றுவதுபோலக் கடல்நீரைப் பாத்திரம் மாற்றி ஊற்றிக்கொண்டிருப்பாள். அன்றைய ஏர் பம்ப் அவள் கைகள்தாம். 1854-ல் பிலிப் ஹென்றி காஸ், உப்புகளைக் கலந்து செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் முறையை வெளியிட்டார். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961-ல் எழுதிய கட்டுரை ஒன்றில், உயிருள்ள பவளப்பாறைத் துண்டுகளும் மெல்லிய காற்றுக் குமிழிகளும் இருந்தால் வடிகட்டியே தேவையில்லை என்று காட்டினார். பின்னர் பெர்லின் நகர ஆர்வலர்கள் அதனுடன் நுரை பிரிக்கும் கருவியைச் சேர்த்து உருவாக்கிய முறையே இன்றைய வீட்டுத் தொட்டிகள் பலவற்றுக்கும் அடிப்படை.

கணக்குக்கு வசதியாக 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள தொட்டியை எடுத்துக்கொள்ளலாம். விளிம்புவரை நிரப்பினால் 182 லிட்டர்; நீரின் எடை மட்டும் 187 கிலோ. கண்ணாடி, பாறை, மணல், தாங்கும் மேசை எல்லாம் சேர்ந்தால் 250 கிலோவைத் தாண்டிவிடும். தொட்டியைத் தாமே ஒட்டுவதில் மிச்சமாகும் பணம் சொற்பம். ஒட்டு பிரிந்தால் கூடம் முழுவதும் உப்புநீர். சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் தினமும் தொட்டி ஒட்டுபவர்களிடமே இந்த வேலையை விட்டுவிடுவது நல்லது. சொல்லவேண்டியது ஒன்று உண்டு: பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிகோன் கூடாது.

கடல்நீரின் உப்பில் ஏறக்குறைய 85 விழுக்காடு சோடியமும் குளோரைடும்தாம். மீதிப் பங்கில் இருக்கும் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்பேட் ஆகியவை இல்லாமல் கடல் உயிர்கள் பிழைப்பதில்லை. எனவே சமையல் உப்பைக் கரைத்துக் கடல் செய்ய முடியாது. கடைகளில் கிடைக்கும் செயற்கைக் கடலுப்பை லிட்டருக்கு 35 முதல் 38 கிராம்வரை ஆர்.ஓ. நீரில் கரைத்தால், ஆயிரத்துக்கு 35 பங்கு என்ற இயல்பான உப்பளவு வரும். கடலோர ஊர்க்காரர்கள் கடல்நீரையே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கழிமுகத்துக்கும் துறைமுகத்துக்கும் தொலைவில், படகில் சென்று எடுத்த நீராக இருக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கிழக்குக் கரையோர நீரின் உப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அப்போது எடுக்காமல் இருப்பதே மேல். எடுத்த நீரை மூடிய பிளாஸ்டிக் பீப்பாயில் இருட்டில் சில வாரங்கள் வைத்துத் தெளியவிட்டுப் பயன்படுத்துவது வழக்கம்.

உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை மட்டும் விலை கொடுத்துத்தான் வாங்கவேண்டும். அது சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கும் கரைசலை வீட்டிலேயே செய்யலாம்: ஈரமில்லாத தூய உப்பு 36.5 கிராமை 963.5 கிராம் ஆர்.ஓ. நீரில் கரைத்தால், ரிஃப்ராக்டோமீட்டர் 35 என்று காட்டவேண்டும். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் அளக்கும் சோதனைக் குப்பிகளிலும் சிக்கனம் பார்க்கக்கூடாது. அளவு தெரியாதவருக்கு எந்தக் கருவியும் உதவாது.

அடுத்தது பாறை. அது அழகுக்காக வைக்கப்படுவதன்று. கழிவைச் செரிக்கும் பாக்டீரியா குடியிருக்கும் இடம். மேலைநாட்டு நூல்கள் கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையைப் பரிந்துரைக்கும். இந்தியாவில் அது நடவாது. கற்பவளங்களும் கடற்குதிரைகளும் கடல் அட்டைகளும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளப் பாறைத் துண்டை எடுத்துவருவது புலியை வேட்டையாடுவதற்கு ஒப்பான குற்றம். அதற்கு மாற்று வீட்டிலேயே வார்க்கும் பாறை. ஒரு பங்கு சிமென்ட், மூன்று நான்கு பங்கு கிளிஞ்சல் நொறுக்கு, கையளவு கல்லுப்பு ஆகியவற்றைக் குறைந்த நீரில் பிசைந்து, ஈரமணலில் தோண்டிய குழிகளில் இட்டு இறுகவிட வேண்டும். கோழித் தீவனக் கடைகளிலேயே கிளிஞ்சல் நொறுக்கு கிடைக்கும். பிறகு நீரில் ஊறவைத்தால் உப்பு கரைந்து, பாக்டீரியா தங்கும் துளைகள் உண்டாகும். பொறுமை வேண்டியது இதற்குப் பின்தான். புதுச் சிமென்ட் நீரின் பி.எச். அளவைக் கடுமையாக உயர்த்தும். நீரை அடிக்கடி மாற்றி, அது 8.5-க்குக் கீழே இறங்கி நிற்கும்வரை, பொதுவாக ஓரிரு மாதங்கள், ஊறப்போட வேண்டும். அவசரப்பட்டவர் தொட்டியில் மீன் மிஞ்சாது.

பாறையும் நீரும் சேர்ந்த தொட்டியில் உடனே மீன் விடுவதில்லை. ஒரு துண்டு பச்சை இறாலை அழுகவிட்டால் அம்மோனியா பிறக்கும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். இவை பெருகிப் போதிய அளவு வர நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியத்துக்கு வந்த பிறகே தொட்டி தயார். கடல்நீரின் பி.எச். சுமார் 8.2 என்பதால், அதே அளவு அம்மோனியா நடுநிலையான நன்னீரைவிட இங்கே பல மடங்கு நஞ்சாகும்.

பாக்டீரியாவிடம் போகுமுன்பே கழிவைப் பிடித்து வெளியேற்றும் கருவி புரோட்டீன் ஸ்கிம்மர். மீனின் கழிவில் உள்ள புரதங்களும் கொழுப்புகளும் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையவை. கடலலை கரையில் விட்டுச்செல்லும் நுரை இதே முறையில் உண்டாவதுதான். நன்னீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும். உப்பு அப்படிச் சேரவிடாமல் தடுப்பதால் கடல்நீரில் குமிழி பொடியாகவே நிற்கும். பொடிக் குமிழிக்குப் பரப்பு அதிகம், மேலேறும் வேகம் குறைவு. நன்னீர்த் தொட்டியில் ஸ்கிம்மர் வேலை செய்யாததற்கும் இதுவே காரணம்.

இதைச் செய்ய மூன்று அல்லது நான்கு அங்குல பி.வி.சி. குழாய் அறுபது செ.மீ. போதும், உள்ளே நடப்பது தெரியவேண்டுமானால் அக்ரிலிக் குழாய். அடியை மூடி, உள்ளே மரத்தாலான காற்றுக்கட்டையை வைத்து ஏர் பம்ப்புடன் இணைக்க வேண்டும். கல்லைவிட மரமே நல்லது. மென்மரத்தின் நுண்ணிய நாளங்கள் வழியே வரும் காற்று மாவுபோன்ற குமிழியாகப் பிரியும். தொட்டி நீர் குழாயின் மேற்பக்கத்தில் நுழைந்து கீழே இறங்கும். குமிழி கீழிருந்து மேலே ஏறும். எதிரெதிராகச் செல்வதால் இரண்டும் நெடுநேரம் உரசிக்கொள்கின்றன. சுத்தமான நீர் அடியில் உள்ள துளை வழியே வெளியேறி, பக்கத்தில் மேல்நோக்கி நிறுத்திய இன்னொரு குழாயில் ஏறிப் பிறகே வழிய வேண்டும். ஸ்கிம்மருக்குள் நீர் எந்த மட்டத்தில் நிற்கும் என்பதை இந்த வெளிக்குழாயின் உயரமே தீர்மானிக்கிறது. எனவே அதன் நுனியை ஏற்றி இறக்கும்படி அமைப்பது முக்கியம். மட்டம் உயர்ந்தால் மேலே உள்ள குவளையில் வெறும் நீர் நிரம்பும். தாழ்ந்தால் நுரை ஏறாது. சரியாக அமைந்தால் தேநீர் நிறத்தில் நாறும் திரவம் குவளையில் சேரும். முதல் சில நாட்கள் எதுவும் வராது. புதுக் குழாயின் உட்பரப்பு நீரில் ஊறிப் பழகியபின்தான் நுரை நிலைக்கும். காற்றுக்கட்டை சில வாரங்களில் ஊறி அடைத்துக்கொள்ளும் என்பதால் கைவசம் மாற்று இருக்கவேண்டும்.

கருவிகளை மறைக்கத் தொட்டியின் கீழே இன்னொரு சிறு தொட்டியாகிய சம்ப் வைப்பார்கள். மேல்தொட்டி நீர் வழிந்து சம்ப்புக்கு வரும்; அங்கிருந்து மோட்டார் திருப்பி ஏற்றும். கைவேலைக்காரர் பலரும் வழுக்கி விழும் இடம் இது. மின்சாரம் நின்றதும் மேலேற்றும் குழாய் தலைகீழாக உறிஞ்சத் தொடங்கும். அதன் வாய் நீர்மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இருந்தால், நமது அளவுத் தொட்டியிலிருந்து 60 லிட்டர் இறங்கித் தரையில் ஓடும். குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை போட்டால், மட்டம் தாழ்ந்ததும் காற்று புகுந்து உறிஞ்சல் அறுந்துவிடும். அப்போதும் 3 செ.மீ. அளவுக்கு, அதாவது 12 லிட்டர், இறங்கத்தான் செய்யும். அத்தனைக்கும் சம்ப்பில் காலியிடம் விட்டிருக்க வேண்டும். துளையைப் பாசி அடைக்கும் என்பதால் அதை வாரந்தோறும் குத்திவிட வேண்டும். மீன் விடுவதற்கு முன்பே நான்கைந்து முறை சுவிட்சை அணைத்துப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

தமிழ்நாட்டுக் கோடைதான் இந்தத் தொட்டிக்குப் பெரும் பகை. நீர் 25 முதல் 28 டிகிரிக்குள் நிற்பது நல்லது. அறையே 34 டிகிரியில் கொதிக்கும்போது என்ன செய்வது? குளிர்விக்கும் சில்லர் கருவி தொட்டியைவிட விலை கூடியது. கணினியில் பயன்படும் 12 வோல்ட் விசிறிகள் இரண்டை நீர்ப்பரப்பை நோக்கிப் பொருத்தினால் ஆவியாதல் கூடும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம், 180 லிட்டர் நீரைச் சுமார் 3 டிகிரி குளிர்விக்கக்கூடியது. காற்றில் ஈரம் மிகுந்த கடலோர நகரங்களில் அத்தனை பலன் கிடைக்காது என்றாலும் வெயில் காலத்தை ஓட்டிவிடலாம்.

ஆனால் ஆவியாவது நீர் மட்டும், உப்பு தங்கிவிடும். தினம் 3 லிட்டர் ஆவியாகும் 180 லிட்டர் தொட்டியை ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் உப்பு 35-லிருந்து 39-ஐத் தாண்டிவிடும். இழந்ததை ஆர்.ஓ. நீரால் தினமும் ஈடு செய்யவேண்டும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மிதவை வால்வு ஒன்றைச் சம்ப்பில் பொருத்தி, உயரத்தில் ஒரு நீர்க்கலத்தை வைத்தால் வேலை தானாக நடக்கும். கலம் பத்து லிட்டருக்கு மேல் வேண்டாம். வால்வு சிக்கிக்கொண்டு முழுவதும் இறங்கினாலும் உப்பு 33 அளவில் நிற்கும், மீன் பிழைத்துக்கொள்ளும். ஐம்பது லிட்டர் டிரம்மை இணைத்தவர் நிலை வேறு.

நைட்ரேட்டைக் குறைக்க, ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்டர் ஏடி உருவாக்கிய பாசி வடிகட்டியின் எளிய வடிவத்தைச் செய்யலாம்: கரடாக்கிய பிளாஸ்டிக் வலையின் மேல் நீளவாக்கில் கீறிய குழாயிலிருந்து நீரை வழியவிட்டு, பக்கத்தில் பிரகாசமான எல்.இ.டி. விளக்கு. வலையில் வளரும் பாசியை வாரம் ஒருமுறை சுரண்டி எறிந்தால் கழிவும் சேர்ந்து போகும். இதோடு வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் போதும். சுண்ணாம்பு ஓடுள்ள உயிர்கள் நிறைய இருந்தால் மட்டும் கால்சியம் குறையும். ஜெர்மானியரான பீட்டர் வில்கன்ஸ் பரப்பிய வழி, தெளிந்த சுண்ணாம்பு நீரை இரவில் சொட்டுச் சொட்டாக விடுவது. அதன் பி.எச். 12-க்கு மேல் என்பதால் ஒரேயடியாக ஊற்றுவது ஆபத்து.

உலோகம் எதுவும் நீரைத் தொடக்கூடாது. செம்பும் பித்தளையும் இறால், நத்தை வகைகளுக்கு நஞ்சு; துருப்பிடிக்காத எஃகும் உப்பில் நாளடைவில் அரிக்கும். மின்சாரத்தில் கைவேலை வேண்டவே வேண்டாம். 30 மில்லிஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அந்த இணைப்பில் இருக்கட்டும். ஒயர்கள் பிளக்கை அடையுமுன் கீழே தொங்கி வளையட்டும், நீர் வழிந்தால் அங்கேயே சொட்டிவிடும். மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று அவசியம்.

கடைசியாக மீன். மண்டபத்தில் உள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவன மையத்திலும் பரங்கிப்பேட்டையிலும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைக்கும் முறைகள் உருவாகியுள்ளன. பண்ணையில் பிறந்த மீன் காய்ந்த தீவனத்துக்குப் பழகியிருக்கும். கடலில் பிடித்ததைவிட நோயும் குறைவு. எதுவானாலும் முதல் சில வாரங்கள் தனி பிளாஸ்டிக் தொட்டியில், ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. எல்போவுடன் வைத்துக் கவனிக்கவேண்டும். செம்பு மருந்து தேவைப்பட்டால் அங்கேதான் தரலாம். பாறையுள்ள தொட்டியில் கூடாது. 180 லிட்டருக்குக் கோமாளி ஒரு ஜோடியும் சிறு மீன்கள் மூன்று நான்கும் போதும், அவற்றையும் வாரத்துக்கு ஒன்றாக விடவேண்டும். டாம்சல் மீன் வேண்டுமென்றால் கடைசியில் விடவேண்டும். முதலில் போனால் பின்னால் வரும் எதையும் அது நிம்மதியாக இருக்கவிடாது.