குதிரையை விட்டு இறங்கிய ‘ரைடர்’

ஆங்கிலத்தில் ‘ரைடர்’ என்றால் குதிரையேறிச் செல்பவர். ஜெர்மன் மொழியில் குதிரையோட்டியைக் குறிக்கும் ‘ரைட்டர்’, வீரப் பெருமகனைக் குறிக்கும் ‘ரிட்டர்’ ஆகியவை இதற்கு உறவுச் சொற்கள். தமிழ்ப் பேச்சில் தினமும் புழங்கும் ‘ரோடு’, வருமானவரிச் செய்திகளில் அடிபடும் ‘ரெய்டு’ ஆகியவையும் இதே வேரில் கிளைத்தவைதாம். ‘ரோடு’ முதலில் குதிரைப் பயணத்தையே குறித்தது. பயணம் போகும் வழி என்ற பொருள் பிறகு வந்தது.

அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்குத் தனிப் புகழ் தந்தது ‘போனி எக்ஸ்பிரஸ்’ அஞ்சல் சேவை. மிசௌரியின் செயின்ட் ஜோசப்பிலிருந்து கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ வரை சுமார் 1,900 மைல் தூரத்தை ரைடர்கள் குதிரை மாற்றி, ஆள் மாற்றிப் பத்தே நாளில் கடந்தார்கள். 1860 ஏப்ரலில் தொடங்கிய சேவையைத் தந்திக் கம்பி அடுத்த ஆண்டு அக்டோபரில் முடித்துவைத்தது. ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்த மெதடிஸ்ட் போதகர்களுக்கும் ரைடர் என்ற பெயர் இருந்தது.

குதிரை மறைந்த பிறகும், ஒன்றன்மேல் ஏறி உட்காருவது என்ற கருத்து மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. ஆய்வுக்கூடத் தராசின் கோல்மீது கவட்டையாக மாட்டும் சிறு கம்பித் துண்டு ரைடர். அதன் எடை பெரும்பாலும் 10 மில்லிகிராம். அதைக் கோலில் நகர்த்தி மிக நுண்ணிய எடை வேறுபாட்டையும் அளந்துவிடலாம். ஆயுள் காப்பீட்டில் விபத்துக்கும் கொடிய நோய்க்கும் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் இணைப்பும் ரைடர்தான். மூல பாலிசி காலாவதியானால் அதுவும் போய்விடும். சுமப்பது விழுந்தால் ஏறியிருப்பதும் விழும் என்பதால் பெயர் பொருத்தமானதே.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் இந்த ஏற்றம் அரசியல் உத்தி. நிறைவேறியே தீரவேண்டிய நிதி மசோதாவின் முதுகில், தனியாக வந்தால் தேறாத ஒரு விதியை ஏற்றி அனுப்புவார்கள். அதிபர் முழுவதையும் ஏற்க வேண்டும், இல்லையேல் முழுவதையும் மறுக்க வேண்டும். செலவு இனங்களைத் தனித்தனியே நீக்கும் அதிகாரத்தை 1996-இல் ஒரு சட்டம் அதிபருக்குத் தந்தது; 1998-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. இசைக்குழுவின் ஒப்பந்தத்தோடு இணையும் நிபந்தனைப் பட்டியலும் ரைடரே. மேடைக்குப் பின்னால் வைக்கும் எம் அண்ட் எம் மிட்டாயில் பழுப்பு நிறத்தது ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று வான் ஹாலன் குழு எழுதியது. வெறும் பகட்டல்ல அது. மேடையின் பளு, மின்சாரம் பற்றிய விதிகளை அமைப்பாளர்கள் ஒழுங்காகப் படித்தார்களா என்று அறியும் சோதனை அது என்று அக்குழுவின் பாடகர் பின்னாளில் விளக்கினார்.

இச்சொல்லில் ஒரு பிளவும் உண்டு. உணவு கொண்டுவரும் வேலையில் ரைடர் என்றால் வண்டி ஓட்டுபவர். டாக்சிச் செயலியில் ரைடர் என்றால் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர். அமெரிக்கப் பேருந்துப் பயணியும் ரைடர்தான். இந்த எளிய பொருளில்தான் சொல் தன் உயர்ந்த இடத்தை அடைந்தது. 1961 மே 4 அன்று கறுப்பரும் வெள்ளையருமாக 13 ‘ஃப்ரீடம் ரைடர்கள்’ வாஷிங்டனில் பேருந்து ஏறினார்கள். மாநிலம் விட்டு மாநிலம் போகும் பயணிகளை நிலையங்களில் நிறத்தால் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1960-இல் தீர்ப்பளித்திருந்தும் தெற்கு மாநிலங்கள் அதை மதிக்கவில்லை. காந்திய அறவழியில் பயிற்சி பெற்ற இவர்கள் செய்தது, சேர்ந்து உட்கார்ந்தது மட்டுமே. மே 14 அன்று அலபாமாவின் ஆனிஸ்டன் அருகே ஒரு கும்பல் பேருந்துக்குத் தீ வைத்தது. தப்பி இறங்கியவர்களை அடித்தது. பயணம் நிற்கவில்லை. அந்தக் கோடையில் நூற்றுக்கணக்கானோர் பேருந்து ஏறினார்கள். பலர் மிசிசிப்பிச் சிறைகளுக்குப் போனார்கள். நவம்பர் 1 முதல் புதிய மத்திய விதி நடைமுறைக்கு வந்தது. நிலையங்களில் ‘வெள்ளையர்’, ‘நிறத்தவர்’ என்றிருந்த பலகைகளைக் கழற்ற வேண்டியதாயிற்று.